முகம் மாறி வந்தவர்கள்: நாடகம் பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் லிஃப்ட் ஒன்றுதான், அதுவும் மெதுவானது. ஏறி இறங்குவதற்குள் யாராவது ஒருவர் நாடகத்தைப் பற்றிக் கேட்டுவிடுவார். (இந்தியாவில் சீரியல் என்பார்கள். எங்கள் வீட்டில் எப்போதும் நாடகம்தான்.) நடிகை மாறினால் அன்றிரவே கேள்வி வரும். செத்துப்போன ஆள் சில வருடம் கழித்து வேறு முகத்தோடு வந்து நின்றால் மூன்றாம் மாடி அன்ரி கதவைத் தட்டியே கேட்பார். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லிக் களைத்துப்போய் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். வெள்ளவத்தைப் பேச்சும் கொட்டாஞ்சேனைப் பேச்சும் கலந்துதான் இருக்கும்.

பிள்ளை, நேற்று இருந்தவ இண்டைக்கு இல்லை. வேற ஒருத்தி அவவின்ர சீலையைக் கட்டிக்கொண்டு நிக்கிறா. இது ஆர்?

அதே ஆள்தான். நடிப்பவர் மாறியிருக்கிறார், கதையில் இருப்பவர் மாறவில்லை. புருஷன், மாமியார், பட்ட கடன், அலுமாரியில் ஒளித்து வைத்த கடிதம் எல்லாம் பழையபடி அவருக்கே சொந்தம்.

சந்தேகம் என்றால் முகத்தைப் பார்க்காதீர்கள், சுற்றி நிற்பவர்களைக் கவனியுங்கள். மாமியார் அதே எரிச்சலோடு கூப்பிடுகிறாரா, பிள்ளை அதே மடியில் போய் ஏறுகிறதா, அப்படியென்றால் அவர்தான் இவர். ஒரு பாத்திரத்தில் பாதி நடிப்பவரிடம் இருக்கிறது, மீதிப் பாதி மற்றவர்கள் அவரை நடத்தும் விதத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். இந்தப் பதிலைக் கீழே பல இடத்தில் திரும்பக் கூப்பிடுவேன்.

ஏன் மாத்துறாங்கள்? காசுப் பிரச்சினையோ?

சில நேரம் காசு. சில நேரம் கல்யாணம், பிள்ளைப்பேறு, சினிமா வாய்ப்பு, வேறு சானலில் பெரிய வேடம், தயாரிப்பாளரோடு மனக்கசப்பு, சுகமில்லாமை. நாள்தோறும் ஓடும் நாடகத்துக்குக் கையில் எடுத்து வைத்த எபிசோட்கள் கொஞ்சம்தான் இருக்கும். முக்கியமான ஒருவர் இரண்டு கிழமை வராவிட்டாலே கதை முட்டுப்படும். சினிமா என்றால் காத்திருக்கலாம். இங்கே நாளை இரவும் அதே நேரத்துக்கு ஏதோ ஒன்று ஓடியாக வேண்டும்.

இன்னொரு காரணம், யாரும் கேட்காமலே வருவது. மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பத்தின் கதையான விஜய் டிவியின் பாண்டியன் ஸ்டோர்ஸில் மருமகள் முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பரில் இறந்துபோனார். அதன்பின் காவ்யா அறிவுமணி முல்லையானார். அவரும் விலகியபின் லாவண்யா வந்தார். ஒரு மருமகளுக்கு மூன்று முகம், மளிகைக் கடை மட்டும் ஒன்று.

"இவருக்குப் பதில் இவர்" எண்டு ஒரு நாள்தானே போடுறாங்கள்? நான் அண்டைக்குக் கோயிலுக்குப் போயிட்டன்.

ஒரு நாள்தான், அதிலும் சில வினாடிதான். கீழே சிறிய எழுத்தில் ஓடி மறைந்துவிடும். தண்ணீர் குடிக்க எழும்பினாலே தவறிவிடும். சில நாடகங்கள் அதையும் போடுவதில்லை. அமெரிக்க நாடகங்களில் எழுத்துக்குப் பதில் ஒரு குரல் வந்து, இன்று முதல் இந்தப் பாத்திரத்தில் இன்னார் நடிக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போகும்.

எனக்கு அந்த எழுத்துப் பிடிக்கும். ஏமாற்றாமல், "மாற்றிவிட்டோம், தெரிந்துகொள்ளுங்கள்" என்று சொல்கிறதே.

எதிர்நீச்சல் குணசேகரனை மாத்தாமல் கதையில சாகடிச்சிருக்கலாமே?

இந்தக் கேள்வி அளவுக்கு வேறு எந்தக் கேள்வியும் எனக்கு வந்ததில்லை. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: சன் டிவியில் 2022 பெப்ரவரியில் தொடங்கிய எதிர்நீச்சலில் வீட்டுப் பெண்களை அடக்கி வைத்திருக்கும் மூத்த அண்ணன்தான் ஆதி குணசேகரன். இயக்குநரும் நடிகருமான மாரிமுத்து அந்த வேடத்தைச் செய்தார். "இந்தாம்மா ஏய்" என்று அவர் கூப்பிடுவதைக் கொழும்பில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சொல்லித் திரிந்தார்கள். 2023 செப்டம்பர் 8ஆம் திகதி, அதே நாடகத்துக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்த இடத்தில் மாரடைப்பு வந்து அவர் இறந்தார்.

கதையில் குணசேகரனைச் சாகடித்தால் என்ன மிஞ்சும்? நான்கு மருமகள்களும் யாரை எதிர்த்து நீந்துவது? வில்லன் செத்தால் கதைக்கே செத்தவீடுதான். அதனால் சில வாரங்கள் அவரைக் கண்ணில் காட்டாமல் வைத்துவிட்டு, எழுத்தாளர் வேல ராமமூர்த்தியை அந்த இடத்தில் கொண்டுவந்தார்கள். முதலாவது பதிலில் சொன்ன சோதனையை இங்கே செய்து பாருங்கள். அவர் உள்ளே வந்ததும் தம்பிமார் எழும்பி நின்ற விதம், மருமகள்கள் குசினிப் பக்கம் ஒதுங்கிய விதம், இந்த இரண்டும்தான் அவரைக் குணசேகரன் ஆக்கின. மாரிமுத்துவைப் போல அவர் செய்ய முயலவில்லை. அது நல்ல முடிவு. போலிசெய்திருந்தால் நாங்கள் ஒவ்வொரு வசனத்துக்கும் ஒப்பிட்டிருப்போம்.

முகம் மாறினாலும் குரல் அதேதான் கேக்குது. எனக்குத்தான் காது பிழையோ?

காது பிழை இல்லை. தமிழ் நாடகங்களில் கதாநாயகிகள் பலருக்குத் தாய்மொழி கன்னடம், மலையாளம் அல்லது தெலுங்கு. அவர்களுக்கு வேறொருவர் டப்பிங் பேசுகிறார். நடிகை போனாலும் குரல் கொடுத்தவர் போகவேண்டும் என்றில்லை. புது முகம், பழைய குரல்.

எங்கள் அம்மம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் வெண்படலம். நாடகத்தை அவர் பார்ப்பதில்லை, கேட்கிறார். டொரிங்டன் சதுக்கத்தில் இருந்து இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் நாடகம் ஒலிபரப்பிய காலத்தில், அடுப்படியில் ரேடியோவை வைத்துக் கேட்டுப் பழகியவர். அவருக்குக் குரல்தான் ஆள். ஒரு கதாநாயகி மாறி மூன்று மாதம் கழித்தும் அம்மம்மாவுக்கு அது தெரியாது. நாங்கள் எல்லோரும் புது நடிகையைத் திட்டிக்கொண்டிருந்தபோது "பாவம், அந்தப் பிள்ளையை ஏன் திடீரெண்டு வெறுக்கிறியள்?" என்று கேட்டார்.

சுவரில மாலை போட்ட படத்தில பழைய முகம், உயிரோட வந்து நிக்கிறது புது முகம். இதைக் கவனிக்க மாட்டாங்களா?

கவனிப்பார்கள். பெரும்பாலும் புதுப் படம் எடுத்து மாட்டிவிடுவார்கள், கல்யாணப் படம் உட்பட. சிக்கல் பழைய காட்சிகளில்தான் வரும். நினைத்துப் பார்க்கும் காட்சி வேண்டுமென்றால் புதியவரை வைத்துத் திரும்ப எடுக்கவேண்டும், அது செலவு. இல்லாவிட்டால் பழையவரின் முதுகையும் கையையும் மட்டும் காட்டுவார்கள். ஒருவரை நினைத்து வீட்டில் எல்லோரும் அழுகிறார்கள், ஆனால் அவர் முகத்தை மட்டும் காட்டவே இல்லை என்றால், வேறு ஆள் தேடுகிறார்கள் என்று நான் சந்தேகப்படத் தொடங்கிவிடுவேன்.

அக்கா, செத்துப்போனவர் நாலஞ்சு வருஷம் கழிச்சு வேற மூஞ்சியோட வர்றாரு. வீட்டு ஆளுங்க எப்படி நம்புறாங்க?

இதற்கு நாடகக்காரர்களிடம் மூன்று வழி உண்டு. ஒன்று, ஒன்றும் பேசாமல் இருப்பது. எல்லோரும் "வந்திட்டியா!" என்று கட்டிப்பிடித்து அழுவார்கள், முகத்தைப் பற்றி ஒரு சொல் வராது. இரண்டாவது, விபத்தும் சத்திரசிகிச்சையும். 1980களில் ஓடிய டைனஸ்டி என்ற அமெரிக்க நாடகத்தில் ஸ்டீவன் காரிங்டனாக நடித்த ஆல் கோர்லி விலகியதும், எண்ணெய்க் கிணற்று மேடை வெடித்து ஸ்டீவனின் முகம் சிதைந்ததாகவும் அதைச் சரிசெய்ததாகவும் கதை கட்டி ஜாக் கோல்மனைக் கொண்டுவந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், 1991இல் அந்தக் குடும்பத்தைத் திரும்பக் கூட்டி ஒரு சிறு தொடர் எடுத்தபோது ஸ்டீவனாக வந்தவர் பழைய கோர்லி. சத்திரசிகிச்சை செய்த முகம் எங்கே போனதோ!

மூன்றாவது வழி துணிச்சலானது. "இத்தனை வருடம் நீங்கள் பார்த்தது அவரே இல்லை" என்று சொல்லிவிடுவது. அதற்குத் தனிப் பதில் வேண்டும்.

அது என்ன, பார்த்தது அவரே இல்லையா? அதெப்படி?

டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ் என்ற அமெரிக்க நாடகம் 1965 நவம்பரில் தொடங்கியது. அதில் ரோமன் பிரேடி என்று ஒரு பொலிஸ்காரன். 1981 முதல் 1984 வரை வேய்ன் நார்த்ரப் அந்த வேடத்தில் நடித்தார். அவர் விலகியதும் ஸ்டெஃபானோ என்ற வில்லனின் கையால் ரோமன் இறந்ததாகக் காட்டினார்கள். பிறகு முகமெல்லாம் கட்டுப்போட்ட, ஞாபகம் இழந்த ஒருவன் வந்தான். பெயர் ஜான் பிளாக். கட்டை அவிழ்த்தால் ட்ரேக் ஹோகஸ்டின் என்ற வேறு நடிகர். 1986இல், அவன்தான் ரோமன், சத்திரசிகிச்சையால் முகம் மாறிவிட்டது என்று சொன்னார்கள். மனைவி மார்லீனா அவனை ஏற்றுக்கொண்டு இரண்டாம் முறை கல்யாணமும் செய்தாள். பார்த்தவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

1991இல் பழைய நடிகர் நார்த்ரப் திரும்பி நடிக்கச் சம்மதித்தார். இப்போது இரண்டு ரோமன்! ஹோகஸ்டினை இழக்கவும் மனமில்லை. அப்போதுதான் அந்தத் துணிச்சல். நார்த்ரப்தான் உண்மையான ரோமன், மற்றவன் ரோமன் என்று நம்பும்படி ஸ்டெஃபானோ மூளையை மாற்றி அனுப்பிய ஆள். ஐந்து வருடம் ஒருவன் இன்னொருவனின் பெயரில், அவன் குடும்பத்தில் வாழ்ந்துவிட்டு, ஒரு நாள் "நீ அவன் இல்லை" என்று கேட்கிறான். அவன் மறுபடி ஜான் பிளாக் ஆனான். ஹோகஸ்டின் அந்தப் பெயரில் 2024 வரை நடித்தார்.

கதை இன்னும் முடியவில்லை. நார்த்ரப் 1994இல் மறுபடி விலகினார். 1997இல் ரோமனாக வந்தவர் ஜோஷ் டெய்லர். அவர் முன்பு இதே நாடகத்தில் கிறிஸ் என்ற வேறு ஆளாக நடித்தவர், அதைப் பற்றி ஊரில் யாரும் மூச்சு விடவில்லை. 2005இல் நார்த்ரப்பும் திரும்பி வந்தார். அப்போது ரோமன் இடம் காலி இல்லை, அதனால் அலெக்ஸ் என்ற வைத்தியராக. ஹோகஸ்டினும் நார்த்ரப்பும் 2024இல் இரண்டு மாத இடைவெளியில் இறந்துபோனார்கள்.

அப்ப மார்லீனா ஆரின்ர பெண்சாதி? கல்யாணம் செல்லுமோ செல்லாதோ?

மூன்றாம் மாடி அன்ரி இதைக் கேட்டபோது இரவு பத்தரை மணி. சட்டப்படி அவள் ரோமனின் மனைவி. இரண்டாம் கல்யாணத்தில் மணவறையில் நின்றவன் ரோமன் இல்லை. கதையும் முதலில் அந்த வழியில்தான் போனது. ஆனால் ஐந்து வருடத்தை அழிக்க முடியுமா? மார்லீனாவும் ஜானும் ஒருவரை ஒருவர் மறக்கவில்லை, பின்னாளில் அந்த நாடகத்தின் பெரிய ஜோடியே அவர்கள்தான்.

என் முதலாவது பதில் தடுமாறும் இடமும் இதுதான். மற்றவர்கள் நடத்தும் விதம்தான் ஆள் என்றால், ஐந்து வருடம் எல்லோரும் ரோமனாக நடத்திய அவன் ரோமன்தானே? அன்ரியின் தீர்ப்பு வேறு. "பேர் அவனுக்கு, மனுசி இவனுக்கு." நான் மறுக்கவில்லை.

பழைய ஆளே திரும்பி வந்தா நல்லதுதானே?

எங்களுக்கு நல்லது. ஸ்டார் பிளஸில் 2000 முதல் 2008 வரை ஓடிய கியூங்கி சாஸ் பி கபி பஹு தி இந்தி நாடகத்தில் கதாநாயகன் மிஹிர் இறந்ததாகக் காட்டியபோது பார்த்தவர்கள் போட்ட சத்தத்தில் அவனை உயிரோடு கொண்டுவர வேண்டியதாயிற்று. அந்த முதல் மிஹிர் அமர் உபாத்யாய் விலகியபின் இந்தர் குமார், அப்புறம் ரோனித் ராய். அவன் மனைவி துளசியாக நடித்த ஸ்மிருதி இரானியும் 2007இல் விலக, கௌதமி கபூர் வந்தார், அடுத்த வருடம் ஸ்மிருதியே திரும்பினார். 2025 ஜூலையில் அந்த நாடகத்தைப் புதிதாகத் தொடங்கியபோது மிஹிராக வந்தவர் முதல் ஆளான அமர் உபாத்யாய். இடையில் இருந்த இருவரும் வராதது போலவே ஆகிவிட்டது.

அந்த இடைப்பட்டவர்களை யாரும் நினைப்பதில்லை, எனக்கு அதுதான் உறுத்தும். டாலஸ் என்ற அமெரிக்க நாடகத்தில் மிஸ் எலி என்ற தாயாக நடித்த பார்பரா பெல் கெடஸ் விலகியபோது, 1984இல் டோனா ரீட் அந்த இடத்துக்கு வந்தார். ஒஸ்கார் விருது வாங்கிய நடிகை. ஒரு சீசன் முடிந்ததும் பழையவர் திரும்பச் சம்மதிக்க, இவரை நிறுத்திவிட்டார்கள். இவர் வழக்குப் போட்டு ஈடு வாங்கினார். 1986 ஜனவரியில் இறந்துவிட்டார். "பழையவ வந்திட்டா, அப்பாடா" என்று நாங்கள் சொல்லும்போது, அழைத்தவுடன் வந்து ஏச்சு வாங்கிய ஒருத்தி வீட்டுக்குப் போகிறாள்.

குழந்தை போன மாசம் தவழ்ந்துச்சு, இப்ப காலேஜ் போகுது. இதுவும் ஆள் மாத்துறதுதானா?

ஆம், ஆனால் இதற்கு யாரும் கோபப்படுவதில்லை. லண்டன் நாடகமான ஈஸ்ட்எண்டர்ஸில் பென் மிட்சல் கைக்குழந்தையாக வந்து, ஆறு நடிகர்கள் மாறி வளர்ந்தான். இந்தியாவில் "சில ஆண்டுகளுக்குப் பிறகு" என்று எழுத்துப் போட்டு ஒரே இரவில் முடித்துவிடுவார்கள். அம்மாவுக்கு மட்டும் ஒரு நரை கூட விழாது.

எதிர்நீச்சல் ரெண்டாம் பாகத்தில ஜனனியே வேறயாம். அது புதுக் கதையோ, பழசின்ர தொடர்ச்சியோ?

தொடர்ச்சிதான். முதல் பாகம் 2024 ஜூனில் முடிந்து, டிசம்பரில் "எதிர்நீச்சல் தொடர்கிறது" என்று வந்தது. அந்த வீட்டு மருமகள்களில் ஒருத்தியான ஜனனியாக மதுமிதாவுக்குப் பதில் பார்வதி. குணசேகரன் மேலே சொன்ன வேல ராமமூர்த்தியே. ஆக இப்போது ஜனனியும் குணசேகரனும் மோதும் காட்சியில், முதல் நாள் மோதிய இரண்டு முகங்களும் இல்லை. சண்டை மட்டும் அதே சண்டை.

கொழும்பில் நிறையப் பேருக்கு முதல் பாகத்தின் தொடக்கமே தெரியாது. அது தொடங்கியது 2022 பெப்ரவரி, மின்வெட்டுக் காலம். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. ஜனனி அந்த வீட்டுக்கு எப்படி மருமகளாகப் போனாள் என்பதை எங்கள் மாடியில் பாதிப் பேர் என்னிடம் கேட்டுத்தான் அறிந்தார்கள்.

டொரன்டோவில இருக்கிற தங்கச்சி எனக்கு முந்தியே ஆள் மாறினதைச் சொல்றாளே. அங்க முதல்ல போடுறாங்களா?

இல்லை. நாங்களும் சென்னையும் ஒரே நேரம். இரவு ஒன்பதரைக்கு எங்களுக்கு ஓடும்போது, கோடை காலத்தில் டொரன்டோவில் பகல் பன்னிரண்டு. தங்கச்சி யூடியூபில் புரோமோ பார்க்கிறார், அவ்வளவுதான். முன்பு ஒரே நேரமும் இல்லை. 1996 ஒக்டோபர் முதல் 2006 ஏப்ரல் வரை எங்கள் மணிக்கூடு இந்தியாவைவிட அரை மணி முந்தி ஓடியது. சித்தி நாடகம் வந்த காலத்தில் அதைப் பார்க்க அரை மணி கூட விழித்திருந்தோம்.

இதையெல்லாம் இவ்வளவு ஆராய வேணுமோ? (என் வீட்டுக்காரர்)

கிரிக்கெட்டில் ஆள் மாறினால் இரவு இரண்டு மணி வரை ஃபோனில் கதைப்பவர் கேட்கும் கேள்வி இது.

புது முகத்தை என்னால ஏற்கவே முடியேல்லை. பார்க்கிறதை விட்டிடவோ?

ஒரு மாதம் கொடுங்கள். என் அனுபவத்தில் புதியவர் தனக்கென்று ஒரு பெரிய சண்டை போடும்வரை வெளியாள்தான். பழையவரிடம் கேட்காத ஒரு கேள்வியை அவர் மாமியாரிடம் கேட்டுவிட்டால், அன்றோடு அவர் வீட்டு ஆள். அப்படி ஒரு காட்சியை எழுதாமல், பழையவரின் அழுகையையே இவரையும் அழவைத்தால், தாராளமாக விட்டுவிடுங்கள். பிழை எழுதியவரிடம்.

அம்மம்மா மாதிரி ஆக்களுக்கு ஆள் மாறினதைச் சொல்லவேணுமோ, விடவோ?

நாங்கள் சொல்லவில்லை. கதாநாயகிகளின் விஷயத்தில் பிரச்சினை வரவில்லை, குரல் மாறவில்லை என்று மேலே சொன்னேனே. குணசேகரன் விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டோம். மாரிமுத்து தன் குரலிலேயே பேசியவர், புதியவருக்கு வேறு குரல். முதல் நாள் இரவு அம்மம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் சின்னம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"இவனுக்குத் தடிமன் பிடிச்சிட்டுது போல," என்றார் அம்மம்மா. "அந்தப் பெட்டையளில ஒருத்தி கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தால் என்ன?"